விக்கலுக்குப் போட்ட பழி

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் அறிவியல் எடுக்கிறேன். விக்கல் ஏன் வருகிறது என்று கேட்டால் கரும்பலகையில் படம் போட்டே சொல்லிவிடுவேன். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை, நம்மைக் கேட்காமல் திடீரென்று சுருங்கி இழுக்கும். உள்ளே பாய்கிற காற்றைக் குரல்வளை சட்டென்று மூடித் தடுக்கும். அந்தச் சத்தம்தான் விக்கல். அவசரமாகத் தின்றால் வரும், காரம் தின்றால் வரும், சோடா குடித்தால் வரும். பிள்ளைகள் அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மணி அடித்ததும் வெளியே போய், விக்குகிறவன் முதுகில் ஒரு குத்து விட்டு, "ஏலே, ஒன்னைய யாரோ நினைக்கிறாகடா" என்பார்கள். பன்னிரண்டு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், இதைத்தான் கேட்கிறேன். இருந்தும் மாதாமாதம் சம்பளம் வந்துவிடுகிறது என்பதில் எனக்குத் திருப்தி.

என் அப்பாவுக்கு விக்கல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அவர் பரளச்சிக்கு அந்தப் பக்கம், மழையை நம்பிக் கொத்தமல்லியும் கம்பும் விதைக்கிற ஊரில் தனியாக இருக்கிறார். அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தம்பி சென்னையில். நான் அருப்புக்கோட்டையில். அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. நான் பொறுப்பான மகள் இல்லையா, அதனால் அம்மா போன கையோடு ஒரு மாத்திரை டப்பா வாங்கிக் கொடுத்திருந்தேன். ஏழு நாளைக்கு ஏழு அறை, ஒவ்வொன்றிலும் காலைக்கு ஒரு குழி, இரவுக்கு ஒரு குழி. ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போவேன். போனதும் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். காலியாக இருக்கும். அடுத்த வாரத்துக்கு நிரப்புவேன். பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ஒரு ஞாயிறுகூட டப்பாவில் ஒரு மாத்திரை மிச்சம் இருந்ததில்லை. ஆசிரியர்கள் அறையில் மற்ற டீச்சர்கள் தங்கள் மாமனார்களின் அழும்பைச் சொல்லிப் புலம்பும்போது, எங்கப்பா அப்படியெல்லாம் இல்லை என்று டப்பாவின் பெருமையைப் பேசுவேன். அதே மாதிரி டப்பா இரண்டு பேர் வாங்கினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊரிலிருந்து சின்னம்மா போன் செய்தார். அப்பாவின் சித்தப்பா மகன்தான் எனக்குச் சித்தப்பா, தூத்துக்குடி ரோட்டில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அவருடைய மனைவி இந்தச் சின்னம்மா. இருவரும் அப்பாவுக்கு அடுத்த வீடு.

"ஏத்தா, ஒங்கப்பாவுக்கு நேத்துலருந்து விக்குது. நிக்கவே மாட்டேங்குது."

"தண்ணி குடிக்கச் சொல்லுங்க சின்னம்மா."

"கொடங்கொடமாக் குடிச்சாச்சு."

"மூச்சப் பிடிக்கச் சொல்லுங்க."

"பிடிச்சுப் பாத்தாக. விடும்போது ரெண்டாச் சேந்து வருது. ரெண்டு கரண்டி சீனி குடுத்தேன், அதுக்கும் நிக்கல."

"சின்னம்மா, அவுகளுக்குச் சுகரு."

"அதான் ஆத்தா, ரெண்டு கரண்டியோட நிறுத்திக்கிட்டேன்."

இந்த ஜாக்கிரதையைக் கேட்டபிறகு நான் என்ன சொல்ல முடியும். காலையில் வாரேன் என்று வைத்துவிட்டேன். சென்னையில் இருக்கும் தம்பி தன் பங்குக்கு ஒரு வீடியோ அனுப்பினான். அதில் ஒருவன் குனிந்து தலைகீழாக நின்று, தம்ளரின் எதிர்ப்பக்க விளிம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்து விக்கலை நிறுத்துகிறான். அப்பாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. தம்பிக்கு அப்பா மேல் உள்ள அக்கறை எப்போதும் வீடியோ அளவில் குறைவதே இல்லை.

ஞாயிறு காலையில் போனேன். வழக்கம்போல் டப்பாவைத் திறந்தேன். பதினாலு குழியும் காலி. அடேயப்பா, விக்கலோடும் மாத்திரையை விடவில்லை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு நிரப்பிவைத்தேன். அப்பா முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்து, எண்ணிவைத்தாற்போல் விக்கிக்கொண்டிருந்தார். எதிரே சின்னம்மா ஆராய்ச்சியில் இருந்தார். யாரோ நினைப்பதால்தான் விக்குகிறது, நினைக்கிற ஆளைச் சொன்னால் நின்றுவிடும், ஆகவே உறவுமுறையை வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். இதுதான் முறை.

"பந்தல்குடி மச்சினன் நினைக்கிறாகளோ?"

அப்பா விக்கினார்.

"வீரசோழத்துல கடை வச்சிருக்க கூட்டாளி நினைக்கிறாகளோ?"

விக்கினார்.

"மெட்ராஸ்ல மகன் நினைக்கிறானோ?" என்றதற்கும் விக்கல்தான் வந்தது. "மக நினைக்குதோ?" என்றபோது மற்றதைவிடச் சத்தமாக வந்தது.

"நான்தான் எதிர்லயே நிக்கேனே, எதுக்குத் தனியா நினைக்கணும்?" என்றேன்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னைய நினைக்கிறதுக்கு யாரு இருக்கா" என்றார். அதற்குள் இரண்டு விக்கல்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆமா, வாராவாரம் பஸ்ஸப் பிடிச்சு வாரது எவளோ" என்றேன். வழக்கம்போல் நாலு மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். விக்கல் என்பது ஒரு வியாதியா, உதரவிதானம் களைத்துப்போனால் தானாக நிற்கும் என்று எனக்கு நானே பாடம் எடுத்துக்கொண்டே வந்தேன். அன்றைக்கு ஒரு ராத்திரி அங்கே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. இதை மழுப்பிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

திங்கள் காலையில் சித்தப்பா போன் செய்தார். "சோறு எறங்கல, தூக்கம் இல்ல, ஆளு துவண்டு போச்சு. பஸ்ஸுல கூட்டியாறேன்" என்றார். நான் லீவு சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். அப்பா படியிலிருந்து இறங்கியபோதுதான் பார்த்தேன். சட்டை அவர் மேல் தொங்கியது. நேற்று பகல் முழுக்க அவர் எதிரில்தான் இருந்திருக்கிறேன், இது என் கண்ணில் படவே இல்லை.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நிதானமான மனிதர். வந்த வேகத்தில் நின்றுவிடுகிற விக்கலைப் பற்றிக் கவலை இல்லை, இரண்டு நாளைத் தாண்டினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத்தான் தேட வேண்டும் என்றார். வயிறாக இருக்கலாம், நரம்பாக இருக்கலாம், சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறினாலும் இருக்கலாம். ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் ரிசல்ட் வந்தது. சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. சிறுநீரகக் கோளாறைக் காட்டுகிற உப்பும் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

நான் உடனே சின்னம்மாவின் இரண்டு கரண்டி சீனியைக் காட்டிக்கொடுத்தேன். டாக்டர் சிரித்தார். "டீச்சர், இது மூணு மாசச் சராசரியச் சொல்ற டெஸ்ட். சனிக்கிழமை தின்ன சீனி இதுல தெரியாது. ஐயா மாத்திரை ஒழுங்காப் போடுறாரா?"

"ஒருவேளை கூட விடமாட்டாக டாக்டர். நான் வாராவாரம் டப்பாவச் செக் பண்றேன்."

"ஐயா, போடுறீங்கள்ல?"

அப்பா மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் நாலைந்து விக்கல் தொடர்ந்து வந்தது. பாவம், பேச முடியவில்லை என்று நானே அவர் சார்பில் தலையாட்டினேன்.

"அப்போ மாத்திரை இனிக் கேக்காது. இன்சுலின்தான். புதன்கிழமை காலைல வெறும் வயித்தோட வாங்க, ஊசி ஆரம்பிச்சிரலாம். உப்பு இதுக்கு மேல ஏறினா அப்புறம் வேற பேச்சு" என்றார் டாக்டர். அந்த வேறு பேச்சு என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே வாரத்துக்கு இரண்டு தரம் மதுரைக்கு டயாலிசிஸ் போய்வருகிறவர் இருக்கிறார்.

விக்கலுக்கும் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். வாசலிலேயே அட்டையைக் கிழித்து, உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் பாட்டிலோடு அப்பாவிடம் நீட்டினேன். உடனே எடுத்து விழுங்கினார்.

எங்கள் வீட்டில் தங்கச் சொன்னேன். "மருமகன் வீட்டுல வந்து விக்கிக்கிட்டுக் கெடக்கவா" என்று மறுத்துவிட்டார். சரியென்று நானும் ஊருக்கே புறப்பட்டேன். அந்த பஸ்ஸில் எம்.பி.பி.எஸ். படிக்காதவர் நாங்கள் மூவர் மட்டும்தான் போலிருக்கிறது. முன் சீட்டில் இருந்த அம்மாள் இஞ்சியைக் கடிக்கச் சொன்னார். பின் சீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு எச்சில் விழுங்கச் சொன்னார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "நாக்கப் பிடிச்சு வெளிய இழுங்க பெருசு" என்றார். திருச்சுழி ரோட்டில் ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டதும் விக்கல் ஒரு நிமிடம் நின்றது. மொத்த பஸ்ஸும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தது. மறுபடியும் விக்கினார். டிரைவர் மேல்தான் எல்லோருக்கும் வருத்தம்.

ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்தார். சித்தப்பா தன் வண்டிக்காலத்து அனுபவத்தையெல்லாம் அலசி, "இனி ஒரே வழிதான். பழி போடணும்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் விக்குகிற பிள்ளையிடம் போய், "ஏண்டா, அடுத்த வீட்டுல முறுக்கத் திருடித் தின்னியாமே" என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்பார்கள். பிள்ளை திகைத்துப்போய், நான் இல்லை என்று அழ ஆரம்பிக்கும். விக்கல் நின்றிருக்கும். செய்யாத குற்றத்தைச் சுமத்தினால்தான் மருந்து வேலை செய்யும். செய்த குற்றமாக இருந்தால் அதற்குப் பெயர் பஞ்சாயத்து.

எழுபது வயது ஆளுக்கு என்ன பழியைப் போடுவது. சித்தப்பாவே முதலில் இறங்கினார். வாசல்வரை போய்விட்டு அவசரமாகத் திரும்பிவந்து, "அண்ணே, ஒங்க மாட்டக் காணோமாம்" என்றார்.

"அத வித்துப் பத்து வருசமாச்சு" என்று விக்கினார் அப்பா.

சித்தப்பா அசரவில்லை. "கோயில் மணியக் காணோம்னு ஊருல பேச்சு. நீங்கதான் கழட்டுனீகளாம்ல?"

"ஆமா. ஒன் வீட்டுப் பரண்லதான் வச்சிருக்கேன்."

சின்னம்மா சிரித்துவிட்டார். சித்தப்பா சிரிக்கவில்லை. "பெத்த பிள்ள கேட்டாத்தான் அதிரும். நீ கேளுத்தா, மொகத்த நல்லா வச்சுக்கோ" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

முகத்தைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டிய தேவை எனக்கு இல்லை. காலையிலிருந்து அலைந்த அலைச்சல், புதன்கிழமை ஊசி, உப்பு, மதுரை என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எதைக் கேட்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தேன். அலமாரியில் டப்பா இருந்தது. முற்றத்து மூலையில் முருங்கை மரம். ஊரில் குடிக்கவே லாரித் தண்ணீர், அது மட்டும் கிளைகொள்ளாமல் தழைத்து நின்றது. கண்ணில் பட்ட இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தேன்.

"அப்பா, மாத்திரையெல்லாம் அந்த முருங்கைக்குப் போடுறீகளாம்ல?"

விக்கல் நின்றது.

நாங்கள் மூன்று பேரும் அடுத்த விக்கலுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. சித்தப்பா கையை உயர்த்தி, யாரும் பேசாதீர்கள் என்று ஜாடை காட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. வரவே இல்லை. சித்தப்பா தொடையில் தட்டி, "நாஞ் சொன்னேன்ல" என்றார். சின்னம்மா, நான் கொடுத்த சுக்குக் கஷாயம் இப்போதுதான் வேலை செய்கிறது என்றார். மத்தியானம் விழுங்கிய டாக்டர் மாத்திரையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, நான் உட்பட. ஏனென்றால் நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "ஒனக்கு யாரு சொன்னா?" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. சித்தப்பாவுக்குப் புரியவே இல்லை. வைத்தியம் பலித்த செய்தியைத் தெருவில் சொல்லக் கிளம்பிவிட்டார். சின்னம்மாவுக்குப் புரிந்தது. அடுப்பில் என்னமோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

நான் மரத்தடிக்குப் போய்க் குச்சியால் கிளறினேன். கரிசல் மண்ணுக்குள் வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாக, பாதி கரைந்தும் கரையாமலும் வந்துகொண்டே இருந்தன. திரும்பி வந்து கத்தினேன். எட்டாம் வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. "எத்தனை மாசமா? டாக்டர்கிட்ட நான் சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லிட்டு வாரேன். ஊசி எழுதிட்டாரு. கிட்னி போனா என்ன செய்வீக? நான் டப்பாவத் தொறந்து தொறந்து பாத்தது எதுக்கு?"

"அதுக்குத்தான் சனிக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் கொட்டிருவேன். மிச்சம் இருந்தா நீ வருத்தப்படுவ" என்றார். விக்கல் இல்லாத குரல், தெளிவாக இருந்தது. "முந்தாநேத்து விக்கலோட விக்கலா எந்திரிச்சுப் போயிக் கொட்டிட்டுத்தான் வந்தேன்."

"கொட்டுறதுக்கு எந்திரிச்சு நடக்க முடியுது, வாயில போட முடியலையா?"

"ஒங்கம்மா உள்ளங்கையில வச்சு, 'இந்தாங்க'ன்னு நீட்டுவா. முழுங்குற வரைக்கும் தொண்டையவே பாத்துக்கிட்டு நிப்பா. வாங்கித்தான ஆகணும். இந்த டப்பா 'இந்தாங்க'ன்னு சொல்லுதா?" அவர் என் கையைக் காட்டினார். "இன்னைக்கு ஆசுபத்திரி வாசல்ல நீ கையில வச்சு நீட்டுன. முழுங்கினேன்ல?"

நான் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டேன்.

"நீயும் வாராவாரம் வார. வந்ததும் டப்பாவத்தான் பாக்குற. என்னையவா பாக்குற?"

பழி போடுகிற வைத்தியத்தில் ஒரு விதி இருக்கிறது என்றேனே, செய்யாத குற்றமாக இருக்க வேண்டும் என்று. இது அந்த விதியில் சேராது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டருக்குப் போன் செய்யப் போனேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "போடாத மாத்திரை எப்படிம்மா வேலை செய்யும்" என்றார். இன்சுலினைத் தள்ளிவைத்தார். மாத்திரையை முதலிலிருந்து ஒழுங்காக ஆரம்பிக்கலாம், புதன்கிழமை வந்து காட்டுங்கள், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். விக்கல் சர்க்கரையால்தான் வந்ததா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். எதனால் நின்றது என்று கேட்டேன். அதற்கும் இருக்கலாம் என்றார். இரண்டு நாள் விசாரித்ததில் எனக்குக் கிடைத்த நேர்மையான பதில் அதுதான்.

சித்தப்பாவுக்கு இப்போது விக்கல் வைத்தியர் என்று பெயர். பந்தல்குடி லாரிக்காரர்கள் போன் போட்டு, யார் மேல் என்ன பழி போடலாம் என்று ஆலோசனை கேட்கிறார்கள். சின்னம்மா சுக்குக் கஷாயத்தைப் பற்றி இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த டப்பாவில் நான் கடுகு, சீரகம் போட்டு வைத்திருக்கிறேன்.

தினமும் காலையிலும் இரவிலும் அப்பாவுக்கு வீடியோ கால் போடுகிறேன். அவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் இங்கிருந்து, "இந்தாங்கப்பா" என்பேன். விழுங்குவார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன். முதல் நாள் என் வீட்டுக்காரர் சிரித்தார், நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். சர்க்கரை இறங்கியிருக்கிறது. உப்பும் நின்ற இடத்தில் நிற்கிறது. முருங்கை மட்டும் கொஞ்சம் வாட்டமாக இருக்கிறது, அதற்குச் சுகர் ஏறியிருக்கும்.

போன வாரம் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது எனக்கு விக்கல் வந்தது. முதல் பெஞ்சிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள். "டீச்சர், ஒங்கள யாரோ நினைக்கிறாக." நான் படத்தைக் காட்டி உதரவிதானம் என்றேன். அதைச் சொல்லும்போதே விக்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். தண்ணீர் குடித்தேன், மூச்சைப் பிடித்தேன், நிற்கவில்லை. வராண்டாவுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"என்னத்தா, இந்நேரத்துல? மாத்திரையெல்லாம் காலைலயே போட்டாச்சுல்ல."

"அது இல்லப்பா. எனக்கு விக்குது. நீங்க நினைச்சீகளோன்னு கேட்டேன்."

அவர் சிரித்தார். அம்மா போனபிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"நா நினைக்கிறதுக்கெல்லாம் விக்கும்னா, ஒனக்கு நாள்பூரா விக்கணுமே ஆத்தா" என்றார்.

போனை வைத்தபோது விக்கல் நின்றிருந்தது. அவருக்கு மூன்று நாள் விக்கியபோது, நினைக்கிறதுக்கு யாரு இருக்கா என்று அவர் கேட்டது என் காதில் இருந்தது. வகுப்புக்குள் போனதும் முதல் பெஞ்சுக்காரன், "யாரு நினைச்சாகளாம் டீச்சர்?" என்றான். எங்கப்பா என்று சொல்லிவிட்டு, படத்தை அழித்தேன்.